பூங்கா வேலிக்கு வார்னிஷ் வேண்டாம், ஸ்டெய்ன் போதும்

(சங்கத்தின் தை மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் முன்னாள் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படித்துவிட்டு மாசி ஞாயிறுகளில் வேலைக்கு வரலாம் என்பதற்காக முழுவதையும் தருகிறோம்.)



முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் பூங்காவின் மரவேலிக்கு வார்னிஷ் அடித்தோம். செலவு 18,500 ரூபாய். அந்த பில்லில் கையெழுத்துப் போட்டது நான்தான். அடித்த அன்று வேலி பளபளவென்று இருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டோம். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. போன கார்த்திகையில் ஊஞ்சல் பக்கத்துக் கம்பம் அடியில் முறிந்தது. அதில் சாய்ந்து நின்ற பையனுக்கு முழங்காலில் மூன்று தையல். அந்தப் பையனின் பாட்டி இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்பலாம் என்று இன்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. மதிப்பீடு 2 லட்சத்துக்கு மேல். அது வேண்டாம், 20,000 ரூபாய்க்குள் வேலியைக் காப்பாற்றலாம் என்பது என் கட்சி. அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, சுவர் வந்தால் திண்ணையில் உட்கார்ந்தபடி குழந்தைகளைப் பார்க்க முடியாது. வேலியின் சந்து வழியாகத்தான் இன்று ஐந்தாறு வீட்டுப் பெரியவர்கள் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு, அது கடையில் வாங்கிய மரம் இல்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் நம் வீட்டு மனைகளுக்குள் விழுந்த வேம்பும் பூவரசும் அது. அடுத்த மாதமே அறுவை மில்லுக்கு அனுப்பிப் பலகையாக்கிக் கொண்டுவந்தோம். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது தெரியாது. வேம்பும் பூவரசும் கெட்டியான மரங்கள். வேலி கெட்டதற்குக் காரணம் மரம் இல்லை. நாம் அதன்மேல் பூசினதுதான் காரணம்.

நான் பெயின்டர் இல்லை, ஆசாரியும் இல்லை. முப்பது வருடம் மரவாடியில் கணக்கு எழுதினவன். என்ன மரம் எங்கே போய் என்ன ஆனது என்று திரும்பி வந்து சொன்னவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான் இது. அதோடு போன மாதம் மோட்டார் ரூம் ஓரத்தில் 10 பலகையை நானே சுரண்டி, ஸ்டெய்ன் கொடுத்துப் பார்த்தேன். கூட்டம் முடிந்து போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

வார்னிஷ் ஏன் உரிந்தது?

வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு தோல் மாதிரி உட்காருகிறது. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அது சரி. வெளியே நிற்கும் மரமோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தோல் அந்த அளவுக்கு இழுபடாது. எங்கேயாவது மயிரிழை அளவு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வர முடியாது, ஏனென்றால் மேலே தோல் மூடியிருக்கிறது. பாலிதீன் பையில் ஈரத்துணியைக் கட்டி வைத்த மாதிரி மரம் உள்ளேயே நனைந்து கிடக்கும்.

இன்னொன்று வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர், மரநாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை அரித்துவிடும். மழை அதைக் கழுவிவிடும். பழைய மரம் சாம்பல் நிறமாவது இப்படித்தான். நிறமில்லாத வார்னிஷ் கண்ணாடி மாதிரி. வெயில் அதைத் தாண்டி உள்ளே போய் மரத்தின் மேல்பரப்பைக் கெடுக்கும். வார்னிஷ் எதைப் பிடித்துக்கொண்டு நின்றதோ அதுவே தூளாகிவிட்டால் அப்புறம் வார்னிஷ் எப்படி நிற்கும்?

ஸ்டெய்ன் வேறு. அது மரத்துக்குள் ஊறிப் போகும் சாயம். மேலே தோல் கட்டாது. அதில் இருக்கும் நிறத்தூள் வெயிலை மறிக்கும். எண்ணெயோ பிசினோ தண்ணீரைத் தள்ளும். உள்ளே போன கொஞ்ச ஈரமும் ஆவியாக வெளியே வந்துவிடும். ஸ்டெய்ன் உரியாது, மெல்ல வெளிறும். வெளிறினால் கழுவிவிட்டு மேலேயே இன்னொரு கோட் கொடுக்கலாம், சுரண்ட வேண்டியதில்லை. சிக்கனம் இங்கேதான் இருக்கிறது. டப்பாவின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த தடவை என்ன வேலை வைக்கும் என்று பாருங்கள். நான் மூன்று வருடத்துக்கு முன் பார்க்கத் தவறியது அதைத்தான்.

"பெயின்ட் அடித்தால் என்ன?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல பெயின்ட் வெயிலை முழுக்க மறிக்கும், வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அதுவும் தோல்தான். ஒரு தடவை பெயின்ட் அடித்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் பெயின்ட்தான். சுரண்டலும் கூடவே வரும்.

கடையில் எப்படிக் கேட்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயின்ட் கடையில் போய் "வுட் ஸ்டெய்ன் கொடுங்க" என்றால் பெரும்பாலும் உள்வேலைக்கான ஸ்டெய்னை எடுத்துக் கொடுப்பார்கள். அது மேஜை, கதவுக்கு நிறம் கொடுப்பதற்கு. அதன்மேல் மெலமைன் அல்லது பி.யு. பாலிஷ் அடித்தாக வேண்டும். அதை மட்டும் வேலிக்குக் கொடுத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

"வெளிப்புற மரத்துக்கு, எக்ஸ்டீரியர் ஸ்டெய்ன், மேலே பாலிஷ் தேவைப்படாதது" என்று கேளுங்கள். டப்பாவில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா பாருங்கள்: வெளிப்புறத்துக்கு உகந்தது, புற ஊதாக் கதிர்த் தடுப்பு, பூஞ்சைத் தடுப்பு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மூன்றாவது மிக முக்கியம்.

நிறம்? நிறமே இல்லாத "கிளியர்" வேண்டாம். வெயிலைத் தடுப்பது நிறத்தூள்தான். தேக்கு நிறம், வால்நட் நிறம் போல நடுத்தரமாக எடுத்தால் மரத்தின் ரேகையும் தெரியும், பாதுகாப்பும் இருக்கும். பலகை பழசு, ஆணிக்கறை நிறைய என்றால் ஒரு படி அடர்த்தியாக எடுக்கலாம். நான் மோட்டார் ரூம் ஓரத்தில் கொடுத்தது வால்நட்.

இனி, செலவு குறைவு என்று உங்களில் சிலர் எனக்கு அனுப்பிய யோசனைகள். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயில்: கிராமத்தில் மாட்டுக்கொட்டகைக் காலுக்குப் பூசிப் பார்த்திருப்போம். வேண்டாம். அது காயவே காயாது. சாய்கிற குழந்தையின் சட்டையில் ஒட்டும், கையில் ஒட்டும். இஞ்சினில் தேய்ந்த உலோகம் அதில் இருக்கும்; மழையில் கரைந்து விளையாட்டு மண்ணில் இறங்கும். சட்டமே அதை அபாயக் கழிவு என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது.

முந்திரிக்கொட்டை எண்ணெய்: கடலோரத்தில் படகுக்குப் பூசுவார்கள். கரையானுக்கும் தண்ணீருக்கும் நல்ல தடுப்பு. ஆனால் காயாத எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்பளித்துவிடும். குழந்தைகள் பிடித்து ஏறும் வேலிக்கு அது வேண்டாம்.

லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் காவியும்: மூன்றில் இதுதான் நியாயமான யோசனை. காவி என்பது இரும்பு ஆக்ஸைடு. வெயிலை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெறும் லின்சீட் எண்ணெய் காய நாள் ஆகும். புழுக்கத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனியாகி, பலகை கறுத்துவிடும். காற்றோட்டமான, வெயில் படுகிற மாடிப் பந்தல் என்றால் முயற்சி செய்யலாம். நம் பூங்காவில் கிழக்குப் பக்கம் முழுக்கப் புங்கமர நிழல். அங்கே வேண்டாம்.

கடுக்காயும் இரும்பும்: நம் சகோதரி ஒருவர் கேட்டார். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இந்த வழியில்தான். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பு ஊறிய புளித்த நீரும் சேர்ந்தால் கறுப்பு. வினிகரில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்து மரத்தில் தடவினாலும் அதேதான் நடக்கும். அழகான சாம்பல் கறுப்பு கிடைக்கும். ஆனால் அது வெறும் நிறம், தண்ணீரைத் தடுக்காது. வீட்டு ஸ்டூலுக்குச் செய்து பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது?

வேலி 120 அடி நீளம், பலகை 3½ அடி உயரம். 120-ஐ 3½-ஆல் பெருக்கினால் 420 சதுர அடி. போன தடவை நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். தப்பு. பலகைக்கு இரண்டு முகம், இரண்டு விளிம்பு இருக்கிறது. 4 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் உள்ள ஒரு பலகைக்கு நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2¾ சதுர அடி. 240 பலகைக்கு 660. குறுக்குச் சட்டம் இரண்டு வரிசைக்கு 200. கம்பம் 21-க்கு 110. எல்லாம் சேர்த்தால் 970. ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். பாதிக்குமேல் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பாதி வேலையில் டப்பா காலியாகும். அப்புறம் தண்ணீரோ தின்னரோ ஊற்றி ஒப்பேற்றுவார்கள். போன தடவை நடந்தது அதுதான்.

டப்பாவில் போட்டிருக்கும் சதுர அடி வழவழப்பான மரத்துக்கு. நம்முடையது மில்லில் அறுத்த சொரசொரப்புப் பலகை. அது அதிகம் குடிக்கும். அதனால்தான் 10 பலகை செய்து பார்த்தேன். முதல் கோட்டுக்கு 400 மில்லி பிடித்தது, இரண்டாவது கோட்டுக்கு 240 மில்லி. அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடிக்கு முதல் கோட் 14½ லிட்டர், இரண்டாவது 8½ லிட்டர். மொத்தம் 23. ஒரு லிட்டர் கூடுதலாக 24 வாங்குவோம். உங்கள் வீட்டு கேட்டுக்கோ பந்தலுக்கோ செய்வதானாலும் இப்படி ஒரு சின்ன இடத்தில் அளந்து கொடுத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெய்ன் 24 லிட்டர், நான் விசாரித்த கடையில் மொத்தமாக எடுத்தால் லிட்டர் 500 வீதம் 12,000. முறிந்ததும் ஆடுவதுமான நான்கு கம்பத்துக்கு இரும்பு ஆங்கிள், கான்கிரீட், வெல்டர் கூலி 5,000. பிரஷ், சுரண்டி, உப்புத்தாள், கையுறை, முகக்கவசம் மற்றவை 2,500. ஆக 19,500. பூச்சுக்கூலி இல்லை, ஏனென்றால் பூசப்போவது நீங்களும் நானும்.

பூசுவதற்கு முன்

முக்கால் வேலை இதில்தான். ஸ்டெய்ன் மரத்துக்குள் போக வேண்டும். பழைய வார்னிஷ் இருக்கும் இடத்தில் அது போகாது. மேலே நின்று பிசுபிசுத்துவிடும். அதனால் வார்னிஷை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். சுரண்டி எடுத்தபின் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் போதும். மழமழவென்று தேய்த்துவிடாதீர்கள், மிகவும் வழவழப்பான மரம் குறைவாகத்தான் உறிஞ்சும். தேய்ப்பது மரநார் ஓடும் வாக்கிலேயே இருக்கட்டும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சுரண்டியபின் சோப்புத்தண்ணீரும் நைலான் பிரஷும் வைத்துக் கழுவ வேண்டும். கார் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம். அது மரநாரைக் கிழித்துவிடும். பச்சை, கறுப்புப் பூஞ்சை இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரைத் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாக அலசிவிடுங்கள். அதனுடன் ஆசிட், ஃபினாயில் எதையும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். ஆணியைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்துத் தடவினால் போகும். அதுவும் விஷம்தான். பிளீச்சிங் நீரை முழுக்க அலசிவிட்ட பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

கழுவின மரம் ஒரு வாரமாவது காய வேண்டும். காய்ந்ததா, பழைய வார்னிஷ் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டொரு நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் மரம் தயார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் இன்னும் வார்னிஷ் இருக்கிறது. உறிஞ்சாமல் பரவிக் கிடந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கம்பத்தின் அடி தனிக் கதை. மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் மரம் மக்கும். வைரம் பாய்ந்த பகுதி கொஞ்ச காலம் தாங்கும். சுற்றியிருக்கும் வெள்ளை தாங்காது. எந்த ஸ்டெய்னும் இதைத் தடுக்காது; டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பையன் விழுந்த கம்பம் அங்கேதான் முறிந்தது. நான்கு கம்பத்துக்கும் மக்கிய அடியை அறுத்துவிட்டு, கான்கிரீட்டில் ஊன்றிய இரும்பு ஆங்கிளில் போல்ட் போட்டு நிறுத்தப் போகிறோம். மரம் தரையிலிருந்து 2 அங்குலம் மேலே நிற்கும். கான்கிரீட் மேல்பக்கம் சரிவாக இருக்கும், தண்ணீர் தேங்காது. மற்றக் கம்பங்களையும் மாசி தொடங்குவதற்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கிறோம். இறங்கினால் அதுவும் மாற்ற வேண்டியது. இந்த ஒரு செலவில் யாரும் மிச்சம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூசும்போது

மாசி மாதம் ஏன் என்று கேட்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் குடித்த ஈரம் தையில் காய்ந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் பலகை சுட்டுக் கிடக்கும். அதில் பூசினால் ஊறுவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும். ஆடி, ஆவணியில் மாலை மழையை நம்ப முடியாது. மாசி நடுவில் வசதியாக இருக்கிறது.

அன்றும் நிழலைப் பின்தொடர்ந்துதான் பூச வேண்டும். காலையில் மேற்குப் பக்கம் பார்த்த முகம், மதியத்துக்குமேல் கிழக்குப் பக்கம் பார்த்த முகம். மாலை 4 மணிக்கு நிறுத்திவிடலாம், பனி இறங்குவதற்குள் ஊறிவிட வேண்டும்.

எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலந்துகொள்வோம். டப்பாவுக்கு டப்பா நிறம் கொஞ்சம் மாறும். நிறத்தூள் அடியில் தங்கும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியிலிருந்து கிளறுங்கள். கிளறாவிட்டால் முதல் பத்துப் பலகை வெளுப்பாகவும் கடைசிப் பத்து கறுப்பாகவும் இருக்கும்.

ஒரு பலகையை எடுத்தால் மேலிருந்து கீழே வரை முடித்துவிட்டுத்தான் அடுத்த பலகை. பாதியில் விட்டுப் போன் பேசப் போனால் அந்த இடத்தில் கோடு விழும். பிரஷால் தேய்த்து உள்ளே ஏற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்பதைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். தாராளமாகப் பூசினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மரம் குடித்தது மட்டும்தான் மரத்துக்கு. மேலே நிற்பது பிசுபிசுப்பாகித் தூசி பிடிக்கும்.

எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பலகையின் மேல்முனை, கீழ்முனை. வெட்டுமுனை என்பது ஸ்ட்ரா கட்டு மாதிரி. முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். அங்கே இனி குடிக்காது என்கிற வரை இரண்டு மூன்று தடவை தொட்டுக் கொடுங்கள். கீழ்முனைக்குக் குனிய வேண்டும், அதனால் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மோட்டார் ரூம் ஓரத்தில் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொடுத்தேன். என் முழங்காலுக்கே முடிந்தது என்றால் உங்களுக்கும் முடியும்.

துடைத்த துணியில் கவனம்

எண்ணெய் கலந்த ஸ்டெய்ன் காயும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூடு உண்டாகும். பலகையில் அது தெரியாது. துடைத்த துணியைச் சுருட்டி மூட்டையாகப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானே தீப்பிடிக்கும். தீக்குச்சியே தேவையில்லை. 1991 பிப்ரவரி 23-ம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் பிடித்த தீ இப்படித்தான் ஆரம்பித்தது. மரவேலை செய்தவர்கள் 22-வது மாடியில் விட்டுப்போன லின்சீட் எண்ணெய்த் துணிகள். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால் பூங்காவில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டிரம் வைக்கப்படும். பயன்படுத்திய துணி எல்லாம் அதில்தான். பாக்கெட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், குப்பைத்தொட்டியில் திணிக்காதீர்கள். பிறகு தனித்தனியாகத் திறந்தவெளியில் விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தனியாகச் செய்தாலும் இதே மாதிரி செய்யுங்கள்.

வீட்டு கேட், ஜன்னல் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ம் தேதியிலிருந்துதான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் அதிகம் இருந்திருக்கலாம். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டி, கீழே ஷீட் விரித்து, தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

யார், எப்போது?

10 பலகையைச் சுரண்ட எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பலகைக்குக் கால் மணி நேரம். 240 பலகைக்கு 60 மணி நேரம். கம்பமும் சட்டமும் சேர்த்து 80 என்று வையுங்கள். ஒரு ஆளுக்கு அது பத்து நாள் வேலை. 20 பேர் வந்தால் நாலு மணி நேரம். காலை 7 மணிக்கு ஆரம்பித்தால் 11 மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

மாசி முதல் ஞாயிறு சுரண்டலும் கழுவலும். அந்த வாரத்தில் வெல்டர் வந்து கம்பங்களை முடிப்பார். இரண்டாவது ஞாயிறு முதல் கோட். மூன்றாவது ஞாயிறு இரண்டாவது கோட். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சில ஸ்டெய்னுக்கு இரண்டாவது கோட்டை ஒரே நாளில் கொடுக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருப்பார்கள். நாம் வாங்குவது அப்படி என்றால் இரண்டாவது ஞாயிறே முடித்துவிடுவோம். டப்பா சொல்வதுதான் கடைசி வார்த்தை. கடைசிக் கோட் முடிந்து நன்றாகக் காயும்வரை குழந்தைகளை வேலிப்பக்கம் விட வேண்டாம்.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் ஒருவர் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தால் போதும். உறிஞ்ச ஆரம்பித்த பக்கத்துக்கு மட்டும் கழுவி, ஒரு கோட். வெயில் அதிகம் படும் தெற்கும் மேற்கும் முதலில் கேட்கும். நிழல் பக்கம் கூடக் கொஞ்ச காலம் பொறுக்கும். அதற்கு ஆகும் செலவைப் பூங்காப் பராமரிப்புக் கணக்கிலேயே சமாளிக்கலாம். தனி வசூல் தேவைப்படாது.

சுவர் கட்டுவதா வேண்டாமா என்பது நீங்கள் கை தூக்கித் தீர்மானிப்பது. கை தூக்குவதற்கு முன் மோட்டார் ரூம் ஓரத்துப் பத்துப் பலகையை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வேலிதான் என்று முடிவானால், பொறுப்பாளர் பெயரில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். போன தடவை கையெழுத்து மட்டும் போட்டேன். இந்தத் தடவை பிரஷோடு வருகிறேன்.



(கூட்டத்தில் 41 பேர் வேலிக்கும் 17 பேர் சுவருக்கும் கை தூக்கினார்கள். முதல் ஞாயிறு வேலைக்கு இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு பேர் தேவை. அலுவலக அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதலாம். பழைய சட்டை, காலணி அணிந்து வரவும். சுரண்டியும் கையுறையும் சங்கம் தரும்.)